ஒரு ஷூ, மூன்று கறுப்பு

கண்ணை நம்ப முடியாது என்பதால்தான் கம்ப்யூட்டர் வாங்கினோம். கண் ஆளுக்கு ஆள் மாறும், வயசுக்கு வயசு மாறும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று சொல்லும், பின்னால் ஒன்று சொல்லும். கம்ப்யூட்டருக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது, 0.18 என்றால் அமெரிக்காவிலும் 0.18, ஆம்பூரிலும் 0.18 என்றார்கள். நம்பினோம். இன்றைய நிலவரம் என்னவென்றால், ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு சிபியு ஒரு கறுப்பைக் காட்டுகிறது, ஜிபியு இன்னொரு கறுப்பைக் காட்டுகிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மறுபடியும் ஒரு ஜோடிக் கண்ணைத்தான் கூப்பிடுகிறோம். அந்தக் கண்ணுக்கு இப்போது சூப்பர்வைசர் என்று பெயர்.

என் தாய்மாமா காலத்தில் அதற்கு ஷேட் மேஸ்திரி என்று பெயர். மாமா காட்பாடி காந்தி நகரிலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து ஆம்பூர் போவார், ஒரு தோல் ஷாப்பில் ஃபினிஷிங் செக்‌ஷன் அவர் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் டேனரியை ஷாப்பு என்றுதான் சொல்வோம். அப்போது எல்லாமே ஒரே வட ஆற்காடு ஜில்லா. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகை நெடுக ஷாப்புகள். 2019-இல் வேலூரை மூன்றாகப் பிரித்தபோது காட்பாடி வேலூரோடு நின்றுகொண்டது, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ரயிலில் வருகிறவர்களுக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. ஜன்னல் கதவை எப்போது இறக்குவது என்பதை மூக்கே சொல்லிவிடும்.

மாமாவுக்கு அந்த வேலை வந்த கதையில் கொஞ்சம் அரசியலும் உண்டு. அதற்கு முந்தைய தலைமுறையில் இங்கிருந்து போனதெல்லாம் பெரும்பாலும் பாதி பதனிட்ட தோல். ஆவாரம் பட்டையில் ஊறிய இளம்பழுப்புத் தோல், உலகச் சந்தையில் அதற்கு ஈஸ்ட் இந்தியாத் தோல் என்று பேர். சாயம் ஏற்றுவது, மெருகு போடுவது எல்லாம் வாங்குகிற வெள்ளைக்காரன் வேலை. லாபமும் அவனுக்குத்தான். 1972-இல் சீதாராமையா கமிட்டி இதைச் சொல்ல, அரசாங்கம் பாதித்தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. முழுசாக முடித்த தோல், ஷூ அப்பர், ஷூ என்று ஊர் திரும்பியது. அப்போதுதான் நிறம் எங்கள் தலையில் விழுந்தது. வாங்குகிறவன் ஊரிலிருந்து உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று தபாலில் வரும். அதே நிறத்தில் ஆயிரக்கணக்கான சதுர அடி வேண்டும். வந்த துண்டுக்கும் அனுப்பும் தோலுக்கும் நடுவே நிற்கிற ஆள் மாமா.

அவரிடம் இருந்த கருவி ஒரு ஜன்னல். வடக்குப் பார்த்த ஜன்னல். வடக்கு வானத்து வெளிச்சத்தில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது, காலையில் மஞ்சளும் மாலையில் சிவப்பும் அவ்வளவாக ஏறாது. காலையில் ஒரு இரண்டு மணி நேரம்தான் ஷேட் பார்ப்பார். வெள்ளைச் சட்டை. பக்கத்தில் யாராவது சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றால், ஒரு வார்த்தை பேசாமல் தோளைப் பிடித்து நகர்த்திவிடுவார். சட்டையின் சிவப்பு தோலில் அடிக்குமாம். நான் பள்ளிக்கூட லீவில் போயிருந்தபோது என்னையும் அப்படி நகர்த்தியிருக்கிறார். அது வெறும் கிறுக்கு என்றுதான் அப்போது நினைத்தேன்.

டிரம் உருண்டுகொண்டிருக்கும்போதே ஒரு தோலின் ஓரத்தைக் கத்தரித்து எடுப்பார்கள். ஈரத் தோல் எப்போதும் ஒரு படி கருத்துத்தான் தெரியும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்காகவே ஓரமாக ஒரு இஸ்திரிப் பெட்டி இருந்தது. துண்டை இரண்டு காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்தினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். காய்ந்ததும் ஜன்னலடிக்குக் கொண்டுபோய், வந்த துண்டின் பக்கத்தில் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைப்பார். நடுவில் இடைவெளி இருந்தால் கண் ஏமாந்துபோகும். பிறகு துண்டை மடித்து மடிப்பில் பார்ப்பார், நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்ப்பார், தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். அதற்குள் ஷாப் முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

"இன்னா மேஸ்திரி, ஓகேவா?"

"இன்னும் கொஞ்சம் மஞ்சள் கேக்குது பாய்."

"டியூப் லைட்ல பாத்தா கரெக்டாத்தானே கீது?"

"டியூப் லைட்ல எல்லாம் கரெக்டாத்தான் இருக்கும் பாய். அவன் ஊர்ல ஜன்னல் இருக்குமே."

இரண்டு சாயக் கலவை ஒரு வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரிந்து, வேறு வெளிச்சத்தில் பிரிந்து நிற்பதற்கு மெட்டமெரிசம் என்று பெயர் இருப்பதை நான் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். மாமா அதை "டியூப் லைட் வேலை" என்பார். ஆளைப் பற்றிச் சொல்லவும் அதே சொல்தான்: "அவன் டியூப் லைட் வேலைக்காரன்டா."

நிறம் ஒரு இடத்தில் நிற்காது என்பது அந்த ஊருக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். ஆவாரம் பட்டைத் தோலை வெளிச்சம் படும்படி அடுக்கி வைத்தால், மேலே தெரிகிற பாகம் நாளாக நாளாகச் சிவக்கும், அடியில் மறைந்த பாகம் அப்படியே இருக்கும். தடுக்கத்தான் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். அந்த ஊர்க்காரனிடம் போய் "நிறம் என்பது நிலையான ஒரு எண்" என்று சொன்னால் சிரிப்பான். ஷேட் கார்டில் சேராத நிறம் ஒன்றும் அங்கே இருந்தது, பாலாற்றில் இறங்கிய கழிவுநீரின் நிறம். அதை மேட்ச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம்தான் கேட்டது.

எல்லா நிறத்திலும் கஷ்டமானது கறுப்பு என்பார் மாமா. வெளியே இருப்பவர்களுக்குக் கறுப்பு ஒன்றுதான். ஷாப்பில் நீலங்கறுப்பு, செங்கறுப்பு, பச்சை அடிக்கிற கறுப்பு என்று வரிசையாக உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் கறுப்பு. இடது ஷூவுக்கு ஒன்றும் வலது ஷூவுக்கு ஒன்றும் போய்ச் சேர்ந்தால்தான் தெரியும், அதுவும் கடைக்காரனுக்கு முன்னால் வாடிக்கையாளருக்குத் தெரியும்.

நான் தோலுக்குப் போகவில்லை. 1982-இல் ஆசிய விளையாட்டோடு தூர்தர்ஷன் கலருக்கு மாறியது, தெருவில் ஒரு வீட்டில் டயனோரா வந்தது, எனக்கு அதிலிருந்தே படத்தின் மேல் பைத்தியம். கலர் என்று ஒரு திருகு அந்தப் பெட்டியில் இருக்கும். காசு கொடுத்தது கலருக்கு என்பதால் வீட்டுக்காரர் அதைக் கடைசி வரை திருகி வைத்திருப்பார். செய்தி வாசிக்கிறவர் பழுத்த பப்பாளி நிறத்தில் வணக்கம் சொல்வார். அடுத்த தெருவில் அதே நேரத்தில் அதே மனிதர் பச்சையாக இருப்பார். சண்டை கிடையாது. அவரவர் வீட்டுக் கலர் அவரவர்க்கு.

பிறகு கல்யாண வீடியோ. காட்பாடியிலும் வேலூரிலும் தொண்ணூறுகளில் கல்யாண வீடியோ என்பது ஒரு தொழிற்பேட்டை மாதிரி நடந்தது. பானசோனிக் எம்.எக்ஸ். 50 மிக்சர் வைத்திருக்கிறவன் ராஜா. இதய வடிவத்துக்குள் மணப்பெண், ரோஜாவுக்குள் மாப்பிள்ளை. ஒயிட் பேலன்ஸ் எடுப்பது மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில். பட்டு வேட்டி வெள்ளை கிடையாது, சந்தனம். அதை வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தால், அது மண்டபத்தையே நீலமாக்கிப் பழி தீர்க்கும். கேட்டால் "மார்னிங் எஃபெக்ட்" என்று சொல்லிவிடுவோம். முகூர்த்தம் காலையில்தானே.

அடுத்த கட்டம் கம்ப்யூட்டர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற சாஃப்ட்வேர். எல்லாம் சிபியு. ஒரு பென்டியம், ஒரு யுபிஎஸ், ஒரு ஃபேன். ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்க வேண்டும், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். முன்னோட்டம் பார்ப்பதற்கே டீ குடித்துவிட்டு வரலாம். அந்த ஆமை வேகத்தில் ஒரு நன்மை இருந்தது, அது இப்போதுதான் புரிகிறது. திரையில் பார்க்கும் படத்தைக் கணக்குப் போட்டதும், கோப்பில் எழுதப் போகும் படத்தைக் கணக்குப் போட்டதும் ஒரே ஆள். தப்பாகப் போட்டாலும் இரண்டு இடத்திலும் ஒரே தப்பைப் போடுவான். ஆகவே கலர் மாறியது என்ற புகாரே கிடையாது. தாமதம் என்ற புகார் மட்டும்தான்.

1999-இல் என்விடியா ஜிஃபோர்ஸ் 256 அட்டையை விற்கும்போது ஜிபியு என்ற பேரைப் பரப்பியது. பையன்கள் விளையாட வாங்கினார்கள். பத்து வருஷத்துக்குள் அந்த அட்டை எங்கள் தொழிலுக்குள் நுழைந்துவிட்டது. சிபியு என்பது கெட்டிக்காரர்கள் சிலர் வரிசையாக உட்கார்ந்து போடும் கணக்கு, ஜிபியு என்பது ஆயிரக்கணக்கில் ஆளைக் கூட்டி ஒரே சமயத்தில் போடும் கணக்கு. வேகம் கிடைத்தது. வியூவர் என்ற முன்னோட்டச் சட்டத்தில் படம் நிற்காமல் ஓடியது. ஆனால் ராத்திரி ரெண்டர் போடவே வைத்திருந்த ரெண்டர் ஃபார்முக்குப் போனால் அங்கே வரிசையாக நின்ற இயந்திரங்கள் பலவற்றில் அந்த அட்டையே கிடையாது. அதாவது, நாங்கள் பார்த்து ஒப்புக்கொண்டது ஜிபியு போட்ட படம், டெலிவரி ஆனது சிபியு போட்ட படம். ஒரு துண்டை டியூப் லைட்டில் காட்டிவிட்டு லாட் முழுவதையும் ஜன்னலடியில் அனுப்பினோம்.

2020-இன் கடைசி. நான் வேலை பார்த்த பெங்களூர் ஸ்டூடியோ ஆளுக்கொரு இயந்திரத்தை வேனில் ஏற்றி வீட்டுக்கே அனுப்பியிருந்தது. காட்பாடி வீட்டின் நடு அறையில் உட்கார்ந்து நூக் என்ற சாஃப்ட்வேரில் ஒரு விளம்பரத்துக்குக் கம்பாசிட்டிங், அதாவது படத் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் வேலை. விளம்பரம் எதற்கு என்றால், ஷூவுக்கு. கறுப்பு ஷூ, கரும் பின்னணி, முனையில் மட்டும் ஒரு விளக்கின் மினுக்கல். ஷூ எங்கள் பக்கத்துத் தோலா என்று தெரியாது, இருந்திருக்கலாம். வியூவரில் பார்த்தால் கறுப்பு அடைத்துக்கொண்டு இருந்தது, தையலே தெரியவில்லை, மினுக்கல் சுண்ணாம்பு அப்பியது போல் தட்டையாக இருந்தது. ரெண்டரான கோப்பில் தையலும் தெரிந்தது, மினுக்கலுக்குள் மெல்லிய நீலமும் இருந்தது. ஏஜென்சிக்குப் போன ஸ்க்ரீன் ஷாட் முதல் ரகம், போன கோப்பு இரண்டாம் ரகம். மெயில் வர வேண்டியதுதானே, வந்தது.

நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். கம்பாசிட்டிங்கில் நாம் வைத்திருப்பது வெளிச்சத்தின் அளவு. ஷூவின் நிழலில் ஒரு புள்ளி 0.002 என்று வைத்துக்கொள்வோம். அதை மானிட்டருக்கான 0 முதல் 255 வரையிலான எண்ணாக மாற்ற எஸ்ஆர்ஜிபி என்ற விதி உண்டு, 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்தது. இருட்டுப் பகுதிக்கு அந்த விதியில் ஒரு நேர்கோடு, மற்றதற்கு ஒரு வளைவு. ஒழுங்காகக் கணக்குப் போட்டால் 0.002-க்கு 7 வருகிறது. சிலர் அவசரத்துக்கு "எஸ்ஆர்ஜிபி என்றால் காமா 2.2 தானே" என்று ஒரே வளைவாகப் போட்டுவிடுவார்கள். நடுச் சாம்பல் 0.18-க்கு அதனால் பெரிய மோசம் இல்லை, சரியான விதியில் 118, குறுக்கு வழியில் 117. யாருக்கும் தெரியாது. நம் 0.002-க்கோ குறுக்கு வழியில் 15 வந்து நிற்கிறது. 7 எங்கே, 15 எங்கே. ஷூ சாம்பல் பூத்துப்போகும்.

எனக்கு வந்தது அதற்கு நேர் எதிர்க் கோளாறு, கறுப்பு அடைத்துக்கொண்டது. அதன் காரணம் வேறு. ஜிபியுவிடம் நீளமான விதியைக் கொடுக்காமல், விடைகளை முன்கூட்டியே போட்டு ஒரு அட்டவணையாகக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. மளிகைக் கடையில் முன்பு ரெடி ரெக்னர் புத்தகம் வைத்திருப்பார்களே, அதே யோசனை. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 32 படி, மொத்தம் 32,768 விடை. நடுவில் வருகிற எண்ணுக்கு இரண்டு பக்கத்து விடையையும் பார்த்து ஒரு நேர்கோடு இழுத்துக்கொள்ள வேண்டியது. பகல் வெளிச்சத்துக்கு 32 படி தாராளம். ஆனால் 0-வுக்கும் 1-க்கும் நடுவே சமமாக 32 படி வைத்தால் முதல் படியே ஏறக்குறைய 0.032-இல் இருக்கிறது. ஷூவின் முழு இருட்டும், தையல், மடிப்பு, நாக்கு எல்லாம், அந்த முதல் படிக்கு அடியிலேயே அடங்கிவிட்டது. அங்கே வளைவு கிடையாது, வெறும் நேர்கோடு. 0.002-க்கு விடை 3.

ஆக ஒரே புள்ளிக்கு முழு விதியில் 7, குறுக்கு வழியில் 15, அட்டவணையில் 3. ஒரு ஷூவுக்கு மூன்று கறுப்பு. மாமாவின் ஷாப்பு தோற்றது.

மினுக்கல் தட்டையானதும் அதே அட்டவணையின் வேலைதான். அட்டவணை 1-இல் முடிகிறது, விளக்கின் பிரதிபலிப்போ 1-ஐத் தாண்டி 5, 10 என்று போகும். விதியில் இடம் இருந்தால் சிபியு அதை மதித்து மெதுவாக வெள்ளைக்குக் கொண்டுசெல்லும், அட்டவணை தன் கடைசிப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. கலர் விதிகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் கோப்பில் ஒவ்வொரு கலர் ஸ்பேசுக்கும் அலொகேஷன் என்று இரண்டு வரி எழுதலாம். படிகளை மடக்கை முறையில், இருட்டில் நெருக்கமாகவும் வெளிச்சத்தில் அகலமாகவும் அடுக்கு, இங்கிருந்து இதுவரை அடுக்கு என்று அது ஜிபியுவுக்குச் சொல்லும். சிபியுவுக்கு அந்த வரி தேவையே இல்லை, ஆகையால் அதை மறந்தாலும் ரெண்டர் சரியாகவே வரும். எங்களுக்கு வந்த கான்ஃபிக்கில் அந்த இரண்டு வரி இல்லை. எழுதியவர் எந்த நாட்டில் இருந்தாரோ.

சாம்பலிலும் ஒரு சங்கடம் உண்டு. அட்டவணையில் நேர்கோடு இழுப்பதில் இரண்டு முறை. எட்டு மூலையையும் கலந்து விடை சொல்வது ஒன்று, ஜிபியு வன்பொருளுக்கு அது இயல்பாக வரும். பெட்டியை நான்முகத் துண்டுகளாக வெட்டி நான்கு மூலையை மட்டும் கேட்பது இன்னொன்று. இரண்டாவதில் சாம்பல் எப்போதும் சாம்பல் மூலைவிட்டத்திலேயே நடக்கும். முதலாவதில் பக்கத்து வண்ண மூலைகளும் வாயைத் திறப்பதால், சாம்பலில் கொஞ்சம் பச்சையோ ஊதாவோ ஒட்டலாம். பச்சை அடிக்கிற கறுப்பு என்று மாமா சொன்னதை ஒரு அட்டை, சாயம் இல்லாமலே செய்து காட்டுகிறது.

அந்த வாரம் மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். கண்புரை ஆபரேஷன் முடிந்து, உலகம் புதிதாக நீலமாகத் தெரிகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த சமயம். வியூவரையும் ரெண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூப்பிட்டேன்.

"இது ரெண்டும் ஒரே தோலாடா மாப்ளே?"

"ஒரே தோல்தான் மாமா. ஒரே ஃபைல்."

"அப்ப வெளிச்சம் மாறியிருக்கும்."

"வெளிச்சமும் ஒண்ணுதான்."

"பாக்கறவன்?"

"பாக்கறது ரெண்டு சிப்பு."

"அப்ப ரெண்டு மேஸ்திரி வச்சிருக்கே. ஷாப்புக்கு ஒரு மேஸ்திரிதான் வைக்கணும்." சொல்லிவிட்டு, மானிட்டருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் திரையைப் பார்த்தார். சிவப்புப் பூப்போட்ட திரை. எழுந்து அதை ஒதுக்கிவிட்டுப் போனார்.

கோப்பில் எழுதப்பட்டது வெளிச்சத்தின் அளவுதான், அது இரண்டு வழியிலும் ஒழுங்காகவே இருந்தது என்பதை ஏஜென்சிக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாறியது பார்க்கிற வழி. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "அப்படியானால் நாங்கள் ஒப்புக்கொண்ட கலர் எது?" நியாயமான கேள்வி.

இதில் வேடிக்கை, எந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவே தெரியாதோ அதற்குத்தான் அதிகம் மெயில் வரும். தசம எண்களை இயந்திரம் கூட்டும்போது ஒவ்வொரு முறையும் கடைசி இலக்கத்தை ரவுண்ட் செய்கிறது. கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும். ஒரு பிளர் என்றால் நூற்றுக்கணக்கான புள்ளிகளின் கூட்டல், சிபியு ஒரு வரிசையில் கூட்டும், ஜிபியு வேறு வரிசையில் கூட்டும். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே மூச்சில் செய்து ஒரு தடவை மட்டும் ரவுண்ட் செய்கிற வழி உண்டு, தனித்தனியாகச் செய்து இரண்டு தடவை ரவுண்ட் செய்கிற வழியும் உண்டு. இரண்டுமே விதிப்படி சரி. 32 பிட்டில் இதெல்லாம் ஏழாவது இலக்கத்துச் சமாச்சாரம். ஆனால் புதிதாகச் சேர்ந்த பையன் இரண்டு படத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சத்தை ஆயிரக்கணக்கில் பெருக்கி, திரை முழுக்க வாண வேடிக்கையாக ஆக்கி, "ஜிபியு தப்பு" என்று எல்லோருக்கும் அனுப்பிவிடுவான். கறுப்பு 7-க்குப் பதில் 3 ஆனதை மூன்று ரிவ்யூவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போதைய கலர் கிரேடிங் அறைகளுக்குள் போய்ப் பாருங்கள். சுவர் முழுக்க நடுச் சாம்பல் பெயின்ட். பின்னால் 6500 கெல்வின் விளக்கு. நல்ல மானிட்டர் ஒன்று, அது ஒரு காரின் விலை. கலர் சட்டை போட்டு வராதீர்கள் என்று சொல்கிற கலரிஸ்ட்டுகளையும் பார்த்திருக்கிறேன், அவர்களே கறுப்பு டி-ஷர்ட்டில்தான் இருப்பார்கள். லட்சக்கணக்கில் செலவு செய்து கடைசியில் கட்டியிருப்பது ஆம்பூர் ஷாப்பின் வடக்கு ஜன்னலை. வானம் வாடகை கேட்டதில்லை, அதுதான் வித்தியாசம்.

ஆம்பூரில் மட்டும் எல்லாம் அப்படியேவா இருக்கிறது? அங்கே இப்போது லைட் பாக்ஸ் வந்துவிட்டது, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் பல்பு என்று பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். ஸ்பெக்ட்ரோ ஃபோட்டோ மீட்டரைத் தோலில் வைத்தால் டெல்டா ஈ என்று ஒரு எண் வரும், 1976-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்த கணக்கிலிருந்து வந்த எண். எண் ஒன்றுக்குள் இருந்தால் சரி என்பது பொதுவான பேச்சு. அப்புறமும் ஒரு துண்டு கூரியரில் போகிறது. அங்கே ஒருவர் அதைக் கையில் எடுத்து, மடித்து, ஜன்னலடிக்குப் போகிறார்.

எங்கள் பக்கத்திலும் வைத்தியம் நடந்தது. அந்த அட்டவணைகளையும் விதிகளையும் பல சாஃப்ட்வேர்களுக்குள் இருந்து நடத்துவது ஓப்பன் கலர் ஐஓ என்ற மென்பொருள் நூலகம். சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸில் 2003-இல் தொடங்கியது. அதே இமேஜ்வொர்க்ஸ் 2007-இல் சென்னையில் ஒரு கிளையையும் வைத்தது என்பது நம் ஊர்க்காரர்கள் பலருக்கு நினைவிருக்கும். 2010-இல் நூலகத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதை உருவாக்கியதற்காக ஜெரமி செலனுக்கு 2014-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அதன் முதல் பதிப்பில்தான் ஜிபியு வழி என்பது 32 படி அட்டவணை. மறைத்துச் செய்ததில்லை, சிபியு வழி துல்லியமானது, ஜிபியு வழி தோராயமானது என்பது வெளிப்படையாகத் தெரிந்த விஷயம். படிப்பதற்கு யாருக்கு நேரம். 2021 தொடக்கத்தில் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் பெரும்பாலான விதிகளை ஜிபியு அட்டவணை இல்லாமல் தானே முழுசாகக் கணக்குப் போடும், சிபியுவோடு ஒத்துப்போகும். மாமா கேட்ட ஒரே மேஸ்திரி கிடைக்கப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. குறை சொல்லவில்லை, ஆம்பூரில் அதைவிட அதிக வருஷம் ஆன சமாச்சாரங்கள் உண்டு.

ஆனால் இரண்டாம் பதிப்பு வந்ததால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு படத்தின் வேலை தொடங்கும்போது சாஃப்ட்வேர் எந்த வெர்ஷனோ, முடியும் வரை அதே வெர்ஷன் என்று பூட்டிவிடுவது வழக்கம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்காரர்களுக்கு ப்ராஜெக்ட் செட்டிங்கில் ஜிபியு, சிபியு என்ற தேர்வு தனியாக இருக்கிறது, ஒரே ப்ராஜெக்ட்டை அனுப்பியவரும் வாங்கியவரும் வேறு வேறாக வைத்திருப்பார்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற விஎஃப்எக்ஸ் நிறுவனம் கவிழ்ந்து பெங்களூர்க் கிளையும் மூடியபிறகு, சொந்தமாக ஒரு அட்டை வாங்கி வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்கிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள், காட்பாடியிலும்தான். ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு டிரைவர், ஆளுக்கொரு மானிட்டர். டயனோரா காலம் திரும்பி வந்துவிட்டது, அவரவர் வீட்டுக் கலர் அவரவர்க்கு. அன்று சண்டை இல்லை, இன்று இன்வாய்ஸ் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கலர் மாறிவிட்டது என்று மெயில் எழுதுவதற்கு முன்னால், உங்கள் சாஃப்ட்வேருக்குள் இருக்கும் ஓப்பன் கலர் ஐஓ ஒன்றாம் பதிப்பா இரண்டாம் பதிப்பா என்று பாருங்கள். ஒன்றாம் பதிப்பாக இருந்தால், கான்ஃபிக்கைத் திறந்து அலொகேஷன் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால், க்ளையன்ட்டுக்குக் காட்டும்போது வியூவரில் ஜிபியு டிக்கை எடுத்துவிட்டுக் காட்டுங்கள். படம் மெதுவாகத்தான் ஓடும், பரவாயில்லை. ஸ்க்ரீன் ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள்.